எடைமேடைக்கு அடியில் ஒன்பது பேர்

மூன்றாம் உலகப் போர் இதுவரை வராமல் இருப்பதற்கு வல்லரசுகளின் நல்ல புத்திதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாமகிரிப்பேட்டை ரோட்டில் ஒரு மனுஷன் அதை நாள் தவறாமல் எடை போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எந்தப் போரும் வந்துவிட முடியாது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் 'எடைமேடை'. மஞ்சள் மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிய லாரிகள் அவருடைய இரும்பு மேடையில் ஏறி நிற்கும். அவர் அறைக்குள்ளிருந்து எடைச்சீட்டை நீட்டுவார். எதிரே இருந்த உரக்கடையில் எனக்கு வேலை. அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து, கடைப்பூட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர் வாசலில் தொங்கும் சிலேட்டைப் பார்ப்பேன். 'இன்று 34 டன்' என்று இருக்கும். அதுதான் உலகப் போரின் அன்றைய எடை. மேடை தாங்குவது அறுபது டன் என்பதால், அறுபதைத் தொட்டால் போர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கணக்கும் கறாரானது. ஒரு நாடு ஏவுகணை விட்டால் ஐந்து டன், அடுத்த நாடு பதிலுக்கு விட்டால் பத்து. அணுகுண்டு என்ற வார்த்தையை யாராவது தலைவர் வாய்தவறிச் சொன்னாலும் எட்டு. பேச்சுவார்த்தைக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அது சாக்கு எடை மாதிரிங்க தம்பி. மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பமில்லீங்களா, அவ்வளவுதான் கழிக்கோணும்" என்றார்.

இந்தக் கிறுக்கு எங்கே ஆரம்பித்தது என்று ஊருக்கே தெரியும். அவருடைய ஒரே மகன் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறான். அந்தக் கப்பல் போகிற கடலுக்கு மேலேதான் ஏவுகணைகளும் போய்வருகின்றன. டிவியில் எங்காவது ஒரு கப்பல் எரிவதைக் காட்டினால் மனுஷனுக்கு அன்று சோறு இறங்காது. மகன் போன் செய்தால் மட்டும் சிலேட்டில் நாலு டன் குறையும். நாங்கள் சிரிப்போம். சிரித்து முடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அவரவர் செல்போனில் செய்தியைப் பார்ப்போம்.

அதிகம் சிரித்தவர் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இந்தக் காலத்தில் உலகப் போருக்கு வாய்ப்பே கிடையாது, எல்லா நாடும் எல்லா நாட்டோடும் வியாபாரம் செய்கிறது, எவனாவது தன் கடைக்குத் தானே தீ வைப்பானா என்று அடித்துப் பேசுவார். எங்களுக்கும் தெம்பாக இருக்கும். எடைமேடை மட்டும், பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள்தான் இந்த ஊரில் அதிகமாக அடித்துக்கொள்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். தெம்பு போய்விடும்.

பிறகு குழி வந்தது. மேடைக்கு அடியில் ரிப்பேர் பார்க்க ஆள் இறங்குகிற குழி ஒன்று உண்டு. அதைக் கழுவி, பலகை போட்டு, தண்ணீர் கேனும் பொட்டுக்கடலை டப்பாவும் வைத்து, குண்டு விழுந்தால் பதுங்குகிற இடமாக்கிவிட்டார். குண்டு விழுந்தால் மேடையே நம் தலையில் உட்காராதா என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அறுபது டன் தாங்குமுங்க தம்பி. குண்டு என்ன அறுபது டன்னா இருக்கப் போவுது?"

குழியில் ஒன்பது பேர்தான் உட்கார முடியும். அந்த ஒன்பது பெயரையும் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார், யாருக்கும் காட்டவில்லை. அன்றோடு ஊரின் குணமே மாறியது. டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் பாலேடு போட்டு டீ கொடுத்தார். மஞ்சள் மண்டிக்காரர் வீட்டிலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. போரே வராது என்ற வாத்தியார்கூட, சும்மா ஒரு தகவலுக்காக, தன் பெயர் இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார். என் மனைவியும் விடவில்லை. அஸ்தம்பட்டியிலிருந்து குழிக்கு வந்து சேர்வதற்குள் போர் முடிந்துவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். என் பெயர் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதை மறைப்பானேன்?

போன பங்குனியில் மூன்று நாளாக மகனிடமிருந்து போன் இல்லை. கடல் பக்கம் சண்டை முற்றியிருந்தது. சிலேட்டில் 58 என்று எழுதியிருந்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை. லாரிகளுக்குச் சீட்டு கொடுத்துக்கொண்டே, போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

மத்தியானம் பன்னிரண்டு இருக்கும். படாரென்று ஒரு சத்தம். என் கடையில் பூச்சிமருந்துப் பாட்டில்கள் குலுங்கின. அடுத்த நிமிஷம் எடைமேடை, நின்றிருந்த லாரியில் ஏறி ஏர் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டார். எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ! குழி வாசலில் முதல் ஆளாக நின்றவர் வாத்தியார்.

ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல் எடைமேடை லிஸ்ட்டைப் படித்தார். ஒன்று, வாத்தியார். வாத்தியாருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டீக்கடைக்காரர், மண்டிக்காரர், எடைமேடையின் மனைவி என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"எட்டு, பையன்" என்றவர் நிறுத்தினார். அவர் மனைவி குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். போனை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒம்பது, உரக்கடைத் தம்பி" என்றார்.

நானும் இறங்கினேன். மனைவிக்குப் போன் போடலாம் என்று பார்த்தால் சிக்னல் துளிகூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. லிஸ்ட் முடிந்துவிட்டது, அதில் அவர் பெயரே இல்லை. கீழே வாங்கண்ணா, பையன் இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று கத்தினேன்.

"இல்லீங்க தம்பி. அங்க டவர் எடுக்காது. பையன் போன் பண்ணுனா ஆரு எடுக்கறது?"

மேலே வெட்டவெளியில், உச்சி வெயிலில், போனைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். நான் மேலே ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தோம்.

கால் மணி கழித்து ஜல்லி லாரி ஒன்று எடை போட வந்தது. கரட்டு மலைக்குப் பின்னால் கல்குவாரியில் இன்று வெடிமருந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்றார் டிரைவர். குழியிலிருந்து ஒட்டடையோடு ஏறி வந்தவர்கள் எல்லோரும், சும்மா குழியைப் பார்க்கத்தான் இறங்கினோம் என்றார்கள்.

மறுநாள் போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். உலகத்தையே எடை போட்டவர் மகனிடம் போரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இங்க ஒண்ணும் ஆவுலீங்க சாமி. நாங்கெல்லாம் பத்திரமா இருக்கறம். எங்களை நெனச்சு நீ பயப்படாத" என்றார். வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

உலகப் போர் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் கடைப்பூட்டைத் திறப்பதற்கு முன்னால் சிலேட்டைத்தான் பார்க்கிறேன். ஆனால் போர் வருகிற அன்று அந்த மனுஷன் மேலே தனியாக நிற்கக் கூடாது.