நாய்க்குச் சொன்னதும் நான் சொன்னதும்

மம்சாபுரம்,
புதன்கிழமை இரவு.

இராஜபாளையத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய ஆவுடையம்மாள் அத்தைக்கு, தம்பி மகள் அனுசியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மாமாவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே அம்மாவும் அப்பாவும் நலம் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாளை வகுப்பில் பானுப்பிரியாவின் வேதியியல் நோட்டுக்குள் வைத்துவிடுவேன். உங்கள் மகள் அந்த நோட்டைத் திறக்க மாட்டாள். நீங்கள் தினமும் அவள் பையைச் சோதிப்பீர்கள் என்று அவளே அழுதிருக்கிறாள்.

விஷயம் இதுதான், அத்தை. மகாராஜபுரம் கல்யாணத்தில் அப்பா மூன்றாம் தடவை சாம்பார் வாங்கி ஊற்றிக்கொண்டு, "இப்படி ஒரு சாம்பார் சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு" என்று சொல்லிவிட்டார். எதிர்ப்பந்தியில் அம்மாவின் அண்ணன் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு, இன்றோடு இருபது நாள். சொல்ல வேண்டியதை எல்லாம் ரெண்டு பேரும் நம்ம வெள்ளையனிடம் சொல்கிறார்கள். அசல் இராஜபாளையம் நாய்தான், ஆனால் பிறந்ததிலிருந்தே அதுக்குக் காது கேட்காது என்று உங்களுக்கே தெரியும். அதுகிட்டப் போய் அம்மா, கேஸ் தீந்து போச்சுடாங்கிறாங்க. அப்பா அதே நாய்கிட்ட, நாளைக்குச் சொல்லி வைக்கேண்டாங்கிறாக. அது ரெண்டு பேருக்கும் வாலாட்டுது. இப்போதைக்கு வீட்டில் நல்ல பேர் வாங்கியிருப்பது அது ஒன்றுதான்.

நாய் தூங்குகிற நேரத்தில் அந்த வேலை எனக்கு. சொன்னதை அப்படியே கொண்டுபோனால் வீடு தாங்காது என்று வழியில் கொஞ்சம் திருத்தினேன். அப்பாவுக்கு நாக்கு நீண்டு போச்சு, மில்லுல அளந்து பாக்கச் சொல்லுன்னு அம்மா சொன்னதை, மில்லுல வேலை சாஸ்தியான்னு அம்மா கேட்டாங்கன்னு சொன்னேன். உங்கம்மா வீட்டு ஆளுக முன்னாடி இனி நான் வாயே தொறக்கலன்னு அப்பா சொன்னதை, சாம்பார்னா அம்மா சாம்பார்தானாம்னு சொல்லிட்டேன். அம்மா உள்ளுக்குள்ள குளிர்ந்து போய், ஒரு வாரம் மூணு வேளையும் சாம்பாரா வச்சுத் தள்ளிட்டாங்க. பழி வாங்குதான்னு அப்பாவுக்குக் கோவம். போதும்டா வெள்ளையான்னு நாய்கிட்டக் கையெடுத்துக் கும்பிட்டாக. நான் அதை, இன்னும் கொஞ்சம் பெருங்காயம் போடலாமாம்னு கொண்டுபோனேன்.

இதுக்கு நடுவுல ஸ்ரீவில்லிபுத்தூர்ல வர்ற வெள்ளிக்கிழமை பேச்சுப்போட்டி. தலைப்பு 'வாழ்விலும் வேலையிலும் பேச்சுத்திறன்'. போன வருசம் வரைக்கும் வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்கின என்னை, இப்ப நல்லாப் பேசுதியேட்டின்னு டீச்சர் சேர்த்துவிட்டாங்க. பேசி முடிச்சதும் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து மேடை ஏறி ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசணுமாம். ரெண்டு பேரும் ஒரே மைக் முன்னாடி, அத்தை. அங்க நாய் கிடையாது. நீ அப்படிச் சொன்னியாமேன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா, இருபது நாளா நான் சொன்ன பொய் அம்புட்டும் வெளிய வந்துரும். அதுக்குப் பொறவு நான் நெசத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்டப் பேசாம இருந்துட்டா நான் எங்க போவேன்?

அதனால் நீங்கள் சீக்கிரமே வந்து முன்வரிசையில் அவர்களுக்கு நடுவில் உட்கார வேண்டும். மேடைக்கும் கூடவே ஏறிவிடுங்கள். நீங்கள் நடுவில் நின்றால் இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் மேடைப்படி ஏறும் அளவுக்கு நலம்பெற வேண்டிக்கொள்கிறேன். பானுப்பிரியாவுக்கு என்றாவது வேதியியல் வரட்டும்.

இப்படிக்கு,
பயத்துடன்,
அனுசியா.

பின்குறிப்பு: தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், அத்தை. அடுப்படியில் லைட் எரிந்தது. உள்ளே அம்மாவும் அப்பாவும் ஒரே தட்டில் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்க போதும்னு கும்பிட்டதை, பெருங்காயம் கேட்டீகன்னு வந்து சொல்லுதா உங்க மக" என்றார் அம்மா.

"பேசட்டும், விடு. புள்ளைக்கு வாய் இருக்கான்னு டீச்சர் கேட்டாங்கல்ல? நாம சமாதானமாகிப் பத்து நாளாச்சுன்னு தெரிஞ்சா மறுபடி வாயை மூடிக்கிடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே இருப்போம்."

"எனக்கு நாய்கிட்டக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு."

ஆகவே நீங்கள் நடுவில் உட்கார வேண்டாம், ஓரமாகவே உட்காருங்கள். எனக்குத் தெரியும்னு அவியகிட்டச் சொல்லிராதீங்க. காலையில அம்மா சொன்னதா அப்பாகிட்டயும், அப்பா சொன்னதா அம்மாகிட்டயும் ஒரே சேதியைச் சொல்லப்போறேன்: இந்த வீட்டுல இனி ஒரு மாசத்துக்குச் சாம்பார் கிடையாதாம். பொய்யின்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா அதைச் சொல்லணும்னா, அவங்க பேசிக்கிட்டதையும்லா சொல்லணும்.