ஈச்சிலம்பற்றில் நிற்காத கார்புரேட்டர்

தும்முவதற்கு முன்பே அறிவித்தல் கொடுத்துவிட்டுத் தும்முகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், எங்கள் ஒழுங்கை என்கிற குறுந்தெருவில், என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் கவனம் அண்ணை.

பஸ் நிலையத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து, "பயணிகளின் கவனத்திற்கு" என்று தொடங்கி, எந்த பஸ் எங்கே போகிறது என்று சொல்வதுதான் அவர் பார்த்த உத்தியோகம். பென்சன் வந்ததும் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தார். குரலைக் கொடுக்கவில்லை. காலையில் நான் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போதே மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்:

"கவனத்திற்கு! குசினியிலிருந்து புறப்பட வேண்டிய தேநீர் தாமதமாகியுள்ளது."

"தாமதமாத்தான் வரும். அவசரமெண்டால் வேற பஸ்ஸைப் பிடியுங்கோ" என்று மனைவி மலர் அக்காவின் பதில் வரும்.

அந்த வீட்டில் தீராத வழக்கு ஒன்று இருந்தது. மலர் அக்காவின் ஊர் ஈச்சிலம்பற்று. மட்டக்களப்பு பஸ்ஸை அறிவிக்கும்போது கிண்ணியா, மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை என்று அண்ணை தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லிக்கொண்டு போவார். ஈச்சிலம்பற்று வராது. அது பெரிய வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர். மட்டக்களப்பு பஸ் அங்கே திரும்பாது.

"என்ர ஊரை ஒருக்காச் சொன்னா வாய் நோகுமோ?" என்று அக்கா கேட்பார்.

"பஸ் போகாத ஊரைச் சொன்னால் அது பொய் அறிவித்தல், மலர். என்னால ஏலாது" என்பார் அண்ணை. கல்யாணம் முடித்த வாரமே இந்த வழக்கு தொடங்கிவிட்டதாம்.

அந்த ஊரிலிருந்து சீதனமாக வந்தது ஒரு பழைய மொறிஸ் மைனர் கார். மலர் அக்காவின் அப்பா வயலுக்கும் கோயிலுக்கும் ஓட்டித் திரிந்தது. நெடுநாளாக ஓடாமல் முருங்கை மரத்தடியில் தார்ப்பாய்ப் படங்கு போர்த்திக் கிடந்தது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. பழைய கார்கள் சேர்க்கிற கொழும்பு ஆள் ஒருவர் தேடிவந்து கேட்டபோது மலர் அக்கா உடனே தலையாட்டிவிட்டார். அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐயோ மலர், மாமான்ர காரப்பா!"

"அப்பான்ர கார் எண்டபடியாத்தான் சொல்றன். கோழிக்கூடாக் கிடக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. வெள்ளிக்கிழமை எங்கட ஊர்க் கோயிலில பொங்கல். அதுக்கு இந்தக் காரில என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ, கார் இஞ்சயே நிக்கட்டும். இல்லாட்டி, திங்கக்கிழமை அந்தாள் கொண்டு போகட்டும்."

கிண்ணியாவிலிருந்து மெக்கானிக் நசீர் நானா வந்து காரை ஒரு சுற்றுப் பார்த்தார். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து அதற்கு ஊட்டுகிற கார்புரேட்டர்தான் அடைத்துப்போய்க் கிடக்கிறது என்றார். ஆனால் மூதூரில் படகு எஞ்சின்கள் அவருக்காக வரிசையில் நின்றன. அடுத்த மாதம்தான் கை வைக்கலாம்.

அண்ணை அதுவரை திருகாணி பிடித்துக் கழற்றியது ரேடியோவின் பற்றரி மூடியை மட்டும்தான். இருந்தும் கேற்றடிக்கு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒழுங்கைவாசிகளின் கவனத்திற்கு! வரும் வெள்ளி காலை மொறிஸ் மைனர் ஈச்சிலம்பற்றுக்குப் புறப்படும். கார்புரேட்டர் திருத்த வேலைகளை அடியேனே பொறுப்பேற்றுள்ளேன்."

அறிவித்தால் அறிவித்ததுதான். பிறகு பின்வாங்குவது அவர் சாதகத்தில் இல்லை.

"பயப்படாதீங்க அண்ணே" என்று நானா தொலைபேசியில் தைரியம் சொன்னார். "கழட்டுற வரிசைய மட்டும் மறக்காம வைங்க. போன பாதையாலயே திரும்பி வந்தாச் சரி."

போன பாதையாலே திரும்பி வருவதா? இதைவிட அவருக்கு விளங்குகிற பாஷையில் யாரும் மெக்கானிக் வேலை சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. குசினி மேசையில் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் சோக்கட்டியால் ஓர் ஊரை எழுதினார். முதலில் கழன்ற மூடி கிண்ணியா. அதன் கீழிருந்த கூடு மூதூர். இப்படியே ஊர் ஊராகக் கழற்றிக்கொண்டு போனார். தனக்குள் முணுமுணுத்தாலும் காரியம் நடந்திருக்கும். அவரோ முழுக்குரலில் சொன்னார்.

"கவனத்திற்கு! ஊசி வெருகலை வந்தடைந்துள்ளது. மிதவை கதிரவெளியில் இறங்கிவிட்டது!"

"அண்ணை, வாகரை தாண்டியாச்சோ?" என்று வீதியில் மீன் விற்கிறவர் சைக்கிளை நிறுத்திக் கேட்பார். ஒழுங்கை முழுவதும் அந்தக் கார்புரேட்டரோடு மட்டக்களப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மலர் அக்கா மட்டும் அந்த நாட்களில் தேங்காய் துருவ இடமில்லாமல் என் மனைவியின் குசினிக்கு வந்துபோனார்.

எல்லாவற்றையும் பெற்றோலில் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்து, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த புது றப்பர் வளையங்களைப் போட்டு, மட்டக்களப்பிலிருந்து திரும்பி வந்தார். வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர், கிண்ணியா. மேசையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கார் உறுமிக்கொண்டு உயிர்த்தது. ஒழுங்கையே கைதட்டியது. மலர் அக்கா சிவப்புச் சேலையில், மடியில் பொங்கல் சாமான்களோடு முன்சீட்டில் ஏறினார். தள்ளத் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று பின்சீட்டில் என்னையும் ஏற்றினார்கள். கோழி அப்போதும் இறங்க மனமில்லாமல்தான் இறங்கியது.

இறக்கத்தில் கார் நன்றாகவே போனது. இறக்கத்தில் தேங்காயும் நன்றாகத்தான் போகும். கீழே உள்துறைமுக வீதியில் ஏறி, அண்ணை வேகம் எடுக்க மிதித்தார். கார் செருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ஓடும், மிதித்தால் நிற்கும். ஓர்ஸ் ஹில்லில் வீடு இருப்பது எவ்வளவு பெரிய பிழை என்பது ஓடாத காரை மேலே தள்ளும்போதுதான் விளங்கும்.

முருங்கையடியில் காரை விட்டதும் அண்ணை நானாவை அழைத்தார்.

"ஏதும் சாமான் மிச்சம் கிடக்கா?" என்று நானா கேட்டார்.

"ஒண்டுமில்லை நானா. மேசை வெறுமை."

அண்ணை தொலைபேசியை வைத்தார். ஓர் அறிவித்தலும் இல்லை. சேற்றில் சறுக்கி விழுந்தபோதுகூட "விழுகிறேன்" என்று அறிவித்துக்கொண்டு விழுந்த மனிதர் காரின் மூடியைத் தடவிக்கொண்டு சும்மா நின்றார்.

தேத்தண்ணி வைக்க உள்ளே போன மலர் அக்கா, கையில் ஒரு சிரட்டையோடு வந்தார்.

"இஞ்சருங்கோ. என்ர ஊர் இன்னும் ஜன்னலடியில நிக்குது."

சிரட்டைக்குள் ஒரு சுருள்வில். வெளியே, ஈச்சிலம்பற்று என்று சோக்கட்டி எழுத்து. மூதூருக்கும் வெருகலுக்கும் இடையில் கழன்ற வில்லை, ஊர் உள்ளே தள்ளியிருக்கிறது என்ற நியாயத்தில், அண்ணை மேசையில் வைக்காமல் உள்ளே தள்ளி ஜன்னலில் வைத்திருக்கிறார். திரும்பி வரும்போது வழக்கம்போல அந்த ஊருக்குத் திரும்பாமல் நேரே வந்துவிட்டார். வில் இல்லாத கார்புரேட்டர், மிதித்தவுடன் பெற்றோல் போதாமல் திணறியிருக்கிறது.

"பெரிய றோட்டாலயே வந்திட்டன், மலர்" என்றார் மெல்லிய குரலில்.

"எப்பவும் அப்பிடித்தானே வாறனீங்கள். பூசைக்கு இன்னும் நேரம் கிடக்கு. பூட்டுங்கோ."

கார்புரேட்டரைத் திறந்து, வில்லை உள்ளே வைத்துப் பூட்டினார். மிதித்தார். கார் மிதித்த மிதிக்கெல்லாம் பதில் சொன்னது. இனித் தள்ள ஆள் தேவையில்லை என்று நான் கேற்றடியிலேயே நின்றுகொண்டேன். கவனம் அண்ணை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பயணிகளின் கவனத்திற்கு! இந்த வண்டி கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று வரை செல்லும். ஈச்சிலம்பற்றுக்கு அப்பால் எங்கும் போகாது!"

மலர் அக்கா நேரே பார்த்தபடி இருந்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

அவர் சொன்னார். கார் வளைவில் மறையும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை கொழும்பு ஆள் கேற்றடியில் வந்து நின்றார். நான் மதிலால் எட்டிப் பார்த்தேன். அண்ணை வாயைத் திறக்குமுன் மலர் அக்கா முன்னால் வந்து, புருஷனின் அதே குரலில், "கவனத்திற்கு! இந்தக் கார் விற்பனைக்கு இல்லை" என்றார். அண்ணை திறந்த வாயை மூடவில்லை.

இப்போது எனக்குப் பக்கத்து வீட்டில் இரண்டு அறிவிப்பாளர்கள். இந்த ஒழுங்கையை விட்டு நான் எங்கும் போவதாக இல்லை என்பதை இத்தால் சகலருக்கும் அறியத் தருகிறேன்.