பத்து மூச்சு

ஏழாவது மூச்சை ஆய்வாளர் மூக்கை விடைத்துக்கொண்டு இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. எட்டாவதிலும் தெரியவில்லை. தெரியாது என்பது அவருக்கு முன்பே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

துர்நாற்றப் புகார்ப் பிரிவில் இருப்பவருக்கு மூக்கு போவது சின்ன விஷயமில்லை. அலுவலகத்துக்குத் தெரிந்தால் மறுநாளே பழைய கோப்பு அறையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். அங்கே ஜன்னல் கிடையாது, பேச ஆளும் கிடையாது. வீட்டிலும் பேச ஆள் இல்லாத மனிதர் அவர். அதனால் வாயைத் திறக்கவில்லை.

"பத்து ஆச்சா சார்?" என்றார் டீச்சர்.

"ஆச்சு. சொல்லுவோமா?"

"ரெண்டு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

விதி அப்படி. புகார் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வாளர், புகார் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்க வேண்டும். இருவரும் சேர்ந்து பத்து மூச்சு இழுத்து, பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை ஆளுக்கொரு எண்ணை ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு ஆய்வாளர் வருவார். அவர் வந்தால் இவருடைய குட்டு உடைந்துவிடும். ஆகவே இவர் டீச்சரின் முகத்தைப் பார்த்தே எண்ணைக் கணித்துவிடுவார்.

டீச்சர் ஓய்வுபெற்றவர், தனியாள். மீன்தூள் ஆலையின் பின்மதிலை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் ஆலையில்தான் வேலை என்பதால் புகார் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் வீட்டு வேலை செய்யும் அக்கா இரண்டு டீ கொண்டுவந்து வைப்பாள். பிறகு அரை மணி நேரம் பேச்சு ஓடும். அந்த அரை மணி நேரத்துக்காக ஆய்வாளர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். புகார் வராத நாள் அவருக்கு நாளாகவே படவில்லை.

இரண்டு என்று பதிவானதால், மீன் கொட்டும் தொட்டிகளுக்கு மூடி போடச் சொல்லி ஆலைக்கு உத்தரவு போனது. மூடி போட்ட மூன்றாம் நாள் மறுபடியும் புகார் வந்தது.

மூடி போட்டுமா என்ற பதற்றத்தில் ஆய்வாளர் மூச்சைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தார். டீச்சரின் புருவம் சுருங்கியது. அதைப் பார்த்து இவர் இன்னும் அழுத்தி இழுத்தார். டீச்சரின் புருவம் இன்னும் நெருங்கியது.

"மூணு!"

வாசனைத் தெளிப்பான்கள் வைக்க உத்தரவு போட்டார். ஆலை ரோஜா வாசனையைத் தேர்ந்தெடுத்தது. மறுநாள் தெருவே திரண்டு வந்து அவரை மறித்தது.

"முன்னாடி வெறும் மீன் நாத்தம் சார். இப்ப மீனுக்குக் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி இருக்கு!"

அடுத்த புகாரில் டீச்சர் முந்தானையை மூக்கருகே கொண்டுபோக, எண் நான்காக ஏறியது. புகைபோக்கியை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள். காற்று நாற்றத்தை நேராக மேலதிகாரி வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"என் சம்சாரம் மூணு நாளா ஜன்னலைத் தொறக்கல!" என்று மேலதிகாரி கத்தினார். "அந்த அம்மா வீட்டுலயாவது குறைஞ்சிதா?"

"நாலுலயே நிக்குது சார். ரெண்டு தடவை ஆச்சு."

"தொடர்ந்து மூணு தடவை நாலு வந்தா ஆலைக்குப் பூட்டு. ரூல் தெரியுமில்ல?"

தெரியும். சாயங்காலம் ஆலை மேனேஜரே அவருடைய ஒற்றை அறைக்குத் தேடி வந்தார்.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சிட்டோம் சார். முந்நூறு குடும்பம். இன்னும் என்னதான் சார் நாறுது?"

மேனேஜர் போன பிறகு ஆய்வாளர் அலமாரியைத் திறந்தார். மனைவி போய் ஐந்து வருடமாகியும் அவளுடைய சால்வையை அவர் துவைக்கவில்லை. முகத்தை அதில் புதைத்துப் பத்து மூச்சு இழுத்தார். வெறும் துணி. இரண்டு வருடமாக அது வெறும் துணிதான். உட்கார்ந்து அழுதார். யாரிடமாவது இதைச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

மறுநாள் பத்து மணிக்குப் புகார் வந்தது. பத்தரைக்கு ஆய்வாளர் வாசலில் நின்றார். வேலை செய்யும் அக்கா கையில் துடைப்பத்தோடு அசையாமல் நின்றிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் ஆலையில்தான் வேலை.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர்." படிவத்தை மடித்துக்கொண்டார். "இன்னிக்கு நாலு போட்டா முந்நூறு பேருக்கு வேலை போயிடும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். எனக்கு மூக்கு வேலை செய்யாது. ரெண்டு வருஷமா எந்த வாசனையும் தெரியாது. இதுவரைக்கும் உங்க முகத்தைப் பாத்துத்தான் நம்பர் சொன்னேன். நீங்க புருவத்தைச் சுருக்கினா மூணு, முந்தானையை எடுத்தா நாலு. இனிமே என்னை இந்தப் பக்கமே விட மாட்டாங்க. பரவாயில்ல. நீங்க மட்டும் உண்மையைச் சொல்லுங்க, நெசமாவே எவ்வளவு நாறுது?"

டீச்சர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அட, உங்களுக்குமா சார்? டீச்சருக்கு மோப்பம் போயி ஆறு வருஷம் ஆச்சு. போன் போட்டா ரெண்டு மணி நேரத்துல ஒரு ஆள் வந்தே ஆகணும்னு ரூலாமே, அதுக்காகத்தான் போன் போடுறாங்க, நம்பரெல்லாம் உங்க மூக்கு விடைக்கிறதைப் பாத்துச் சொல்றதுதானே!"