பதினொரு மாத ஆசீர்வாதம்

டெல்லி மாநகரத்தில் பூசை வைத்ததைவிட அதிக முறை ஃப்ரிட்ஜ் தூக்கிய பாதிரியார் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஷிஃப்டிங் சாமியார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. நாங்கள் குடியிருந்த முனிர்காப் பகுதியில் அதைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "ஷிஃப்டிங் சாமியார் எங்கே?" என்று கேட்டால் மட்டும், மோமோ விற்கிறவர்கூட எந்தச் சந்தில், எந்த மாடிப்படியில், யாருடைய கட்டிலோடு அவர் சிக்கிக்கொண்டிருக்கிறார் என்று கை காட்டுவார்.

நான் அப்போது முனிர்காவில் தங்கி ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, கும்பகோணத்தில் என் வீட்டார் அப்படி நம்பிக்கொண்டிருந்தார்கள். என் அறை நண்பன் சகாயம் தூத்துக்குடிக்காரன், ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஒரு மாதக் கடைசியில் நாங்கள் நான்காவது மாடி அறை ஒன்றுக்கு மாறினோம். முனிர்கா மாடிப்படிகளில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. ஃப்ரிட்ஜை அடியில் வைத்துவிட்டு நான் மலைத்து நின்றேன். சகாயம் மட்டும் நிம்மதியாக இருந்தான்.

"புது ரூமை மந்திரிக்க எங்க சாமி வாராரு. வந்துட்டா எல்லாம் சரியாயிரும்" என்றான்.

மந்திரித்தால் ஃப்ரிட்ஜ் தானாக மேலே ஏறுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் இறங்கினார். ஐம்பது வயது, வாட்டசாட்டமான உடம்பு. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னல, சும்மா பாத்துக்கிட்டு நிக்க? அந்தப் பக்கம் பிடி."

மூன்றாவது மாடியில் வீட்டுக்காரர் சௌத்ரி எதிரே வந்தார். ஹெல்மெட்டோடு ஃப்ரிட்ஜ் தூக்குகிற ஆளை எந்த ஊரிலும் கூலியாள் என்றுதான் நினைப்பார்கள். "அரே பையா, ஜல்தி கரோ!" என்று சீக்கிரப்படுத்தி ஒரு அதட்டல் போட்டு, கையோடு தன்னுடைய ஏர் கூலரையும் மொட்டை மாடிக்கு ஏற்றச் சொல்லிவிட்டார். எங்கள் சாமியார் "அச்சா ஜி" என்று அதையும் ஏற்றினார். எல்லாம் முடிந்து, முகம் கழுவி, பையிலிருந்து வெள்ளை அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தீர்த்தப் பாட்டிலும் ஜெபப் புத்தகமுமாக அவர் நின்றபோது சௌத்ரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த வெட்கத்தில், மற்ற மாடிகளுக்குத் தண்ணீர் வராத நாளிலும் எங்களுக்கு வர அவர் வழி செய்துவிடுவார்.

அவர் மந்திரிக்கிற அழகே தனி. வாசற்படி, அடுப்படி என்று மற்ற சாமியார்கள் தெளிக்கிற இடங்களோடு கீஸர், இன்வெர்ட்டர், கதவுத் தாழ்ப்பாள் என்று ஒன்றுவிடாமல் தெளிப்பார். ஜெபத்தின் நடுவே "ஆண்டவரே, தண்ணி மோட்டாரை மறக்காமப் போடுறதுக்கு இந்தப் பயலுவளுக்குப் புத்தி குடும்" என்று ஒரு வரியைச் சொருகுவார். கடைசியில்தான் முக்கியமான அறிவிப்பு வரும்.

"ஏல, இது பதினொரு மாசத்துக்குத்தான் செல்லும். கேட்டியா?"

"ஆசீர்வாதத்துக்கு எக்ஸ்பயரி டேட்டா சாமி?" என்றேன்.

"உன் வாடகை அக்ரிமென்ட் எத்தனை மாசம்? பதினொண்ணு. ஆசீர்வாதமும் அம்புட்டுத்தான். அடுத்த ரூமுக்குப் போனா திரும்பக் கூப்பிடணும்."

வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்று நான் குடைந்தேன். எனக்கு இயல்பிலேயே குடைகிற புத்தி. அவர் சிரித்துவிட்டு, எங்கள் அறை டீயைக் குடித்தபடி காரணத்தைச் சொன்னார். ஊரிலிருந்து பிழைக்க வருகிறவர்கள் இந்தப் பட்டணத்தில் அறை மாறி அறை மாறி, ஒரு நாள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறார்களாம். செல் நம்பரும் மாறிவிடுமாம். "மந்திரிக்கக் கூப்பிட்டாத்தான எனக்குப் புது அட்ரஸ் தெரியும்?" என்றார். அன்றைக்கு இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

குருமடத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கடல் கடந்து ஏதாவது ஒரு தீவுக்குப் போக வேண்டும், இயேசுவைக் கேள்விப்படாத ஜனங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று ஆசையாம். அதற்காக நீச்சல் கற்று, உப்பில்லாமல் சாப்பிட்டுக்கூடப் பழகியிருக்கிறார். "கடலைத் தாண்டணும்னு கேட்டேன். யமுனைக்கரையில கொண்டாந்து விட்டுட்டாங்க. இங்கன வந்து பாத்தா, பூராவும் எங்க பக்கத்துத் தெருக்காரன்!" என்பார். அதைச் சொல்லும்போது வருத்தப்படுகிறாரா, பெருமைப்படுகிறாரா என்று எனக்குக் கடைசிவரை விளங்கியதில்லை.

தமிழ்ப் பூசைக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூட ஹால். ஞாயிறு மதியம் மூன்று மணி. காலையில் இந்தி, அப்புறம் ஆங்கிலம், மாலையில் மலையாளம். யாருக்கும் வேண்டாத நேரம் தமிழுக்கு. மே மாத மூன்று மணிக்கு அந்தத் தகர ஹாலில் உட்கார்ந்தால் பாவமெல்லாம் வியர்வையோடு வெளியேறிவிடும் என்பது சகாயத்தின் கருத்து. நான் இந்து. எனக்கு அங்கே வேலை இல்லைதான். பூசைக்குப் பிறகு கொடுக்கிற பருப்பு வடைக்காகப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ஹாலுக்கும் ஆபத்து வந்தது. நிலையான குடும்பங்கள் இல்லாத இடத்துக்குத் தனியாக ஒரு தமிழ்ச் சாமியார் எதற்கு, அவரவர் பக்கத்துக் கோயிலில் இந்திப் பூசைக்குப் போகட்டுமே என்று மேலிடத்தில் பேச்சு. குடும்பப் பதிவேட்டைப் பார்க்கவும் மக்களைச் சந்திக்கவும் ஒரு பெரிய ஃபாதர் வருவதாகக் கடிதம் வந்தது. அவருக்குத் திருப்தி இல்லையென்றால் தமிழ்ப் பூசை நின்றுவிடும். நம் சாமியார் வேறு ஊருக்குப் போக வேண்டும்.

பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். முழுக்கப் பென்சில். 'மோமோ கடைக்கு மேல், மூன்றாம் மாடி' என்று எழுதி, அழித்து, 'ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்' என்று எழுதி, அதையும் அழித்து, சில பக்கங்களில் காகிதமே ஓட்டையாகிவிட்டது. அதை நினைத்துச் சாமியார் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பதிவேடு போனால் போகட்டும், ஹால் நிரம்பி வழிந்தால் பெரிய ஃபாதர் வாயடைத்துப்போவார் என்று கணக்குப் போட்டு, எல்லோருக்கும் வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவரே தேர்ந்தெடுத்தார்.

அது முப்பத்தொன்றாம் தேதி!

டெல்லியில் வேறு யார் மறந்தாலும் இவர் மறக்கலாமா? மாதக் கடைசி நாள், அதுவும் ஞாயிறு. முனிர்கா முழுவதும் அன்றைக்கு அறை மாறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு ஹாலில் இருந்தவர்கள் நான், வடைக்காரர், நேரம் தெரியாமல் முன்னாலேயே வந்துவிட்ட இரண்டு மலையாளிகள். பெரிய ஃபாதர் இஸ்திரி கலையாத வெள்ளை அங்கியில் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஜனங்க எங்க ஃபாதர்?"

சாமியார் காலண்டரைப் பார்த்தார். பொத்தென்று தலையில் அடித்துக்கொண்டார். வடையைக்கூட என்னால் தின்ன முடியவில்லை. ஆனால் அவர் சட்டென்று எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார்.

"வாங்க ஃபாதர், காட்டுதேன்."

பெரிய ஃபாதரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டர் கிளம்பியது. நான் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனேன். முனிர்காச் சந்துகளில் மெத்தைகளும் குக்கர்களும் புத்தக மூட்டைகளும் இ-ரிக்ஷாக்களில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. வெள்ளை அங்கிகளைக் கண்டதும் மாடிக்கு மாடி குரல் கிளம்பியது. "சாமி வந்துட்டாரு! சாமி, இந்த பீரோவை ஒரு கை பிடிங்க!" "சாமி, முதல்ல எங்க ரூமு!"

ஒரு மாடிப்படியில் அருள்மேரி அக்காவின் இரும்புக் கட்டில் குறுக்கே சிக்கியிருந்தது. அக்கா நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். அவருடைய குடிசையை இடித்துவிட்டதால் வாடகை அறைக்கு வந்துகொண்டிருந்தார். நம் சாமியார் மேல் முனையைப் பிடித்தார். கீழ் முனைக்கு ஆளில்லை. ஒரு நிமிஷம் தயங்கிய பெரிய ஃபாதர், பேனாவைப் பையில் செருகிவிட்டுக் கட்டிலைப் பிடித்தார். இரண்டாவது மாடி திரும்புவதற்குள் அந்த அங்கியின் இஸ்திரி, துருவில் காணாமல் போனது.

மேலே போய் மூச்சு வாங்கியபடி அவர் கேட்டார். "எத்தனை வருஷமா டெல்லியில இருக்கீங்கம்மா?"

"இருபது வருஷம் இருக்கும் சாமி."

"இது எத்தனையாவது வீடு?"

"எனக்கு மறந்துபோச்சு. நம்ம சாமியைக் கேளுங்க. எல்லா வீட்டுக்கும் அவருதான் தண்ணி தெளிச்சாரு."

பெரிய ஃபாதர் நம் சாமியாரிடம் திரும்பி, தாழ்ந்த குரலில், "இவங்கள்ல ஒருத்தரும் ஒரு இடத்துல இருக்கப் போறதில்லையே ஃபாதர்?" என்றார்.

"இல்ல ஃபாதர். அதனாலதான் நான் இருக்கேன்."

பெரிய ஃபாதர் பதிவேட்டை வாங்கினார். அருள்மேரி அக்காவின் புது விலாசத்தை எழுதப் பேனாவைத் திறந்தவர், மூடிவிட்டு, "பென்சில் இருக்கா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து உத்தரவு வந்தது. தமிழ்ப் பூசை தொடரலாம். ஆனால் இப்போதைக்குப் பதினொரு மாதம் மட்டும்! இன்றுவரை அது பதினொரு மாதம் பதினொரு மாதமாகத்தான் நீண்டுகொண்டிருக்கிறது.

ஐ.ஏ.எஸ். என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறொரு பரீட்சை எழுதி மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் நாற்காலி பிடித்தேன். போன மாதம் டெல்லியிலேயே, துவாரகாவில் சொந்தமாக ஒரு ஃப்ளாட். குடிபுகுந்த அன்று காலையில் கணபதி ஹோமம் முடிந்தது. மாலையில் சாமியாரை வரச் சொல்லியிருந்தேன். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது. மெட்ரோவில் வந்தார், கையில் அதே ஹெல்மெட். பழக்க தோஷம்.

சாமான்களையெல்லாம் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் ஏற்கெனவே ஏற்றி அடுக்கிவிட்டார்கள். லிஃப்ட் வேறு. தூக்க ஒன்றுமில்லாத வீட்டில் அவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. பிறகு பாட்டிலை எடுத்து, கீஸரிலிருந்து தாழ்ப்பாள் வரை விடாமல் தெளித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொந்த வீடுல்லா? அப்போ இனி மாற மாட்ட."

"ஆமாம் சாமி."

"நல்லதுல. பொறவு, இதை நிரந்தரமாவே மந்திரிச்சிருதேன்." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவர் உடனே கிளம்பிவிடாதபடி, நான் குனிந்து அவர் செருப்பை எடுத்து, வாசலிலிருந்து உள்ளே கொண்டுவந்து வைத்தேன்.

"வேண்டாம் சாமி, பதினொரு மாசம் போதும்" என்றேன்.