பஸ் கூரையில் ஒரு கட்டைவிரல்

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இரண்டாவது கண்ணுக்கும் கட்டுப் பிரித்துப் புதுக் கண்ணாடி வந்துவிட்டதாக உங்கள் மகள் போனில் சொன்னாள். மெத்த மகிழ்ச்சி. இந்தக் கடிதத்தை அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் நீங்களே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குடும்ப விஷயங்கள் இருக்கின்றன. இங்கே நான், என் மனைவி, அண்ணி, உங்கள் பஸ் ஆகிய நால்வரும் சௌக்கியம். பஸ்ஸின் சௌக்கியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் சொன்னது எனக்கு ஒரு எழுத்துக் குறையாமல் நினைவிருக்கிறது. "டேய், முப்பது வருஷம் விரல்ரேகைப் பிரிவுல உக்காந்து ஊரார் விரலைப் பார்த்தவன் நீ. கூரையில கை வெச்சது யாருன்னு கண்டுபிடிச்சு எழுது. வேற எதையும் தொடாதே." அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஓட்டிய பஸ்ஸை, ரிட்டயர் ஆனபிறகு நாலு வருஷமாக முழ நீளத்தில் பிளாஸ்டிக்கில் செய்து, சீட்டுக் கம்பி முதல் படிக்கட்டுத் தகடு வரை ஒட்டி, உரசி, வண்ணம் பூசி, கடைசியாகக் கூரைக்குக் க்ரீம் நிறம் அடித்துவிட்டுக் குளிக்கப் போகிறீர்கள். திரும்பி வந்தால் ஈரப் பெயிண்டில் பளிச்சென்று ஒரு கட்டைவிரல். யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் உடனே அண்ணியைக் கூப்பிட்டு, "நீதானே?" என்றீர்கள். அண்ணி, "நான் தொடலை" என்றார். "ஒத்துக்கிட்டாத்தான் இனிமே பேச்சு" என்றீர்கள். "செய்யாததை எப்படி ஒத்துக்கறது" என்று அவரும் நின்றுவிட்டார். இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நீங்கள் மகளிடம் சொல்லி, மகள் என்னிடம் சொல்லி, நான் அண்ணியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொட்டு மருந்து போட்டாயிற்றா என்று அண்ணி கேட்டால் அதே வழியில் திரும்பிப் போகிறது. இத்தனை கைமாறிப் போய்ச் சேருவதற்குள் அடுத்த வேளை மருந்து வந்துவிடுகிறது.

ஆகவே வழக்கை முடித்துவிட்டேன். தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். சான்று எப்படிக் கிடைத்தது என்று சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்வது எங்கள் பிரிவில் பழக்கமில்லை. படிக்கும்போது இடையில் எழுந்து நிற்க வேண்டாம், கண்ணுக்கு ஆகாது.

முதல் நாளே உங்கள் வேலை அறையில் நாற்காலியைப் போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்தேன். அருமையான தடம் அண்ணா. வலது கட்டைவிரல், நடுவில் சுழி, சுழிக்குக் கீழே இரண்டு இடத்தில் கோடு அறுந்திருக்கிறது. வெளிச்சத்துக்காகப் பஸ்ஸை ஒரு அங்குலம், ஒரே ஒரு அங்குலம், திருப்பினேன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி கையோடு வந்துவிட்டது. எதையும் தொடாதே என்றீர்கள், சரி, ஆனால் உடைந்ததை அப்படியே விடுவதா? மேஜையில் இரண்டு பசை இருந்தன. மூடியிலேயே பிரஷ் உள்ள பசையைத் தண்ணீர் மாதிரி இருக்கிறதே, இது எங்கே ஒட்டப்போகிறது என்று தாராளமாகவே தடவினேன். அது ஒட்டுகிற பசையே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது! ஒரு பொருளைக் காப்பாற்ற அதைக் கொஞ்சம் கரைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? இதை யோசித்துக்கொண்டே இருந்ததில் கண்ணாடியைப் பிடித்திருந்த கை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. இப்போது அது ஆகாயத்தைப் பார்க்கிறது. டிரைவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது, மழை வருமா என்பது தெரியும்.

டிரைவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பொம்மை டிரைவர் பஸ்ஸில் ஏறாமல் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தாரே, உங்கள் மாதிரியே மீசையும் கழுத்தில் துண்டுமாக. அவரை அமுக்கினால் அமுங்குகிறார், பஸ் அமுங்கவில்லை. ஏன்? எனக்கு இரண்டு நாள் மண்டை குடைந்தது. அவர் வந்த பெட்டியைத் தேடி எடுத்துப் படித்தேன். அவர் வினைலாம், உள்ளே காலியாம், வெந்நீரில் போட்டால் இளகித் தலை தனியாகக் கழன்று வருமாம். கழலும் என்று தெரிந்த பிறகு எப்படி அண்ணா சும்மா இருப்பது? வெந்நீர் என்றுதான் எழுதியிருந்தது, எவ்வளவு வெந்நீர் என்று எழுதவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். தலை கழலவில்லை. ஆள் அப்படியே இடுப்பில் மடிந்து, நெற்றி முழங்காலில் பட, மீசைப் பெயிண்டெல்லாம் தண்ணீரில் மிதக்கப் படுத்துவிட்டார். முப்பத்தொரு வருஷத்தில் நீங்கள் ஒருநாள்கூடத் தூங்காத இருக்கையில் தூங்குவதற்குத் தயாராகிவிட்டார்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார். சத்தம் போட்டது நான்தான். "தள்ளுங்க தம்பி" என்று கிண்ணத்தை வாங்கி, டிரைவரை வெந்நீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்து, சட்டென்று குழாய்த் தண்ணீரில் காட்டினார். ஆள் விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். "இது உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?" என்றேன். "நாலு வருஷமா அவர் வேலை செய்யும்போது வாய் ஓயாம பேசிக்கிட்டே இருப்பாரே, யாருகிட்டன்னு நினைச்சீங்க? நான் பக்கத்து ரூம்லதானே துணி மடிக்கறேன்" என்றார். நீங்கள் தனியாகப் பேசிக்கொள்வதாக நாங்கள் எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம் அண்ணா.

முகத்துக்கு மறுபடி பூச்சு வேண்டுமே. எனாமல் டப்பாவில் தோல் நிறம் இருந்தது, பூசினேன். உங்களைவிட ஒரு சுற்று சிவப்பாகவே வந்தது. மறுநாள் காலை கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுப்பு. மூன்றாம் நாள் தொட்டேன், பிசுபிசுப்பு. தொடாமல் எப்படித் தெரியும் காய்ந்ததா இல்லையா என்று? பதினோரு நாள் தினமும் தொட்டேன், பதினோரு நாளும் ஒட்டியது. வினைலில் எனாமல் பூசினால் அது ஜென்மத்துக்கும் காயாதாம், டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அடியில் போட்டால் யார் பார்ப்பது? அதற்குள் அறையில் இருந்த தூசி, பஞ்சு, என் ஸ்வெட்டர் நூல் எல்லாம் ஒட்டி டிரைவருக்குத் தாடி வளர்ந்துவிட்டது. அண்ணி பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆன புதுசுல அவரும் இப்படித்தான் இருந்தார்" என்றார். பிறகு அவரே தாடியை எடுத்து, தண்ணீரில் கரைகிற பெயிண்டைப் பூசிக் கொடுத்தார். அரை மணியில் காய்ந்தது. தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். டிரைவரை இருக்கையில் ஒட்டினேன். வினைலைத்தான் முதல் பசை கரைக்காதே, ஆகவே இரண்டாவது பசை, சட்டென்று பிடிக்கிற பசை. என் விரல் இரண்டையும் பிடித்தது, அதை விடுங்கள். தூசி படக்கூடாது என்று பஸ்ஸை ஒரு பெரிய செருப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே புத்தகமும் வைத்தேன். காலையில் திறந்தால் அத்தனை ஜன்னலும் வெள்ளை வெளேரென்று பனி மூடியது மாதிரி இருக்கிறது. நாலு வருஷ உழைப்பு, அண்ணன் என்னை வீட்டுக்குள் விடமாட்டார் என்று நினைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் குனிந்து பார்த்தேன். வெள்ளைக்கு நடுவே கோடுகள். சுழிகள். விரல்கள்! அண்ணா, எங்கள் அலுவலகத்தில் இதைத்தான் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் செய்வார்கள். அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் பரவி, விரல் பட்ட இடத்திலெல்லாம் படிந்து தடத்தை எழுப்பிக் காட்டும். நான் ஒரு தொட்டிகூட இல்லாமல், செருப்புப் பெட்டியில் செய்துவிட்டேன். சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடி என் மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். "பஸ்ஸைக் கெடுத்துட்டு இவ்வளவு சந்தோஷப்படற ஆளை நான் பார்த்ததில்லை" என்றாள்.

மை அட்டை வாங்கி வந்து முறைப்படி எல்லோருடைய விரலையும் பதித்தேன். என் மனைவி பதித்துவிட்டு என் சட்டையில் துடைத்தாள். குழாய் பழுது பார்க்க வந்த பிளம்பருக்குத் தண்ணீர் கொடுத்து டம்ளரிலிருந்து எடுத்தேன். அண்ணி கையை நீட்டிக்கொண்டே, "முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தி, கடைசியில குற்றவாளி ஆயிட்டேன்" என்றார். ஒப்பிட்டுப் பார்த்தேன். கூரை விரல் இவர்களில் யாருடையதும் இல்லை. ஆனால் ஜன்னல்களில், ஒன்று விடாமல் அத்தனை ஜன்னலிலும், ஆள்காட்டி விரல் ஒன்று இருந்தது, குறுக்கே பழைய வெட்டுத் தழும்போடு. அது அண்ணியின் விரல். நான் பழைய உத்தியோக மிடுக்கோடு போய், "அண்ணி, ஜன்னல் முழுக்க உங்க விரல் இருக்கே" என்றேன்.

"இருக்கும்" என்றார். "தினம் சாயங்காலம் அவர் நடக்கப் போனதும் மெல்லிசு துணியால தூசி துடைப்பேன். காலையில அவர் வந்து பார்த்துட்டு, நம்ம ரூம்ல தூசியே விழறதில்ல பாருன்னு பெருமைப்பட்டுப்பார். ஜன்னலைத் தொட்டேன் தம்பி. கூரையைத் தொடலை. ஈரப் பெயிண்டுல கை வைக்கக் கூடாதுன்னுகூடத் தெரியாதவளா நான்?"

அண்ணா, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு வருஷம் தூசி விழாத அறை உலகத்தில் உண்டா என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஜன்னல்களை அண்ணியே பற்பசை வைத்து மெதுவாகத் தேய்த்துப் பழையபடி பளபளப்பாக்கிவிட்டார்.

இப்போது தீர்ப்பு. அந்தக் கூரைக் கட்டைவிரல், அதே சுழி, அதே இரண்டு அறுந்த கோடு, வேறு எங்கே இருக்கிறது என்று தேடினேன். எங்கேதான் இல்லை! பசைப் பாட்டில் கழுத்தில், பெயிண்ட் டப்பா மூடிகள் எல்லாவற்றிலும், பூதக்கண்ணாடிக் கைப்பிடியில், செருப்புப் பெட்டியின் உட்புறத்தில், டிரைவரின் தாடையில்கூட. உங்கள் அறை, உங்கள் மேஜை, உங்கள் சாமான். அவற்றின் மேலெல்லாம் ஒரே விரல் இருந்தால் அது யாருடையதாக இருக்க முடியும்? மன்னிக்க வேண்டும் அண்ணா, உங்களுடையதுதான். கண்ணில் திரை விழுந்திருந்த நேரம், ஈரம் தெரியாமல் நீங்களே தொட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறீர்கள்.

ஆகவே தாமதிக்காமல் அண்ணிக்குப் போன் செய்யுங்கள். மகள் வழியாக வேண்டாம். உங்கள் மகளின் பெயர் போனில் வந்தால் அண்ணி, "நீங்களே பேசுங்க தம்பி, அவர் பக்கத்துல இருப்பார்" என்று என்னிடம் நீட்டிவிட்டு, ஏற்கெனவே துடைத்துக் காய்ந்த தட்டை மறுபடி துடைத்துக்கொண்டு கதவருகிலேயே நிற்கிறார். நான் போனை வைக்கும்வரை அந்த ஒரே தட்டுதான். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் கண்கள் தெளிவாகவும், கோபம் கொஞ்சம் மங்கலாகவும் இருக்க வேண்டிக்கொண்டு, பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு அன்பும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தக்க சான்றுகளுடன்,
தம்பி.

பின்குறிப்பு: எழுதி முடித்த இதை உறையில் போடும் முன் அண்ணியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "அவர் விரலை எப்போ பதிச்சீங்க?" என்றார். பதிக்கவில்லை, மேஜையே சாட்சி என்றேன். "நாப்பத்து மூணு நாளா அந்த மேஜையில உக்காந்திருக்கறது யாரு தம்பி?" என்றார். உடனே மை அட்டையைத் திறந்து என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திக் காகிதத்தில் வைத்துவிட்டார். சுழி. கீழே இரண்டு அறுந்த கோடு. எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, சொந்த விரலைக் கழித்துவிட்டுத்தான் அடுத்தவன் விரலைத் தேட வேண்டும் என்பது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு உங்கள் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். கூரை அப்படி மின்னியது. காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணி சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பத்து மூன்று நாளில் இன்றைக்குத்தான் சிரிக்கிறார். "அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க தம்பி. ஆனா அவர் எனக்குப் போன் பண்ணினதுக்கு அப்புறம் சொல்லுங்க" என்கிறார். ஆகவே அண்ணா, இந்தப் பின்குறிப்பைப் படிப்பதற்கு முன் அண்ணிக்குப் போன் செய்துவிடவும். தடத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு அதே க்ரீம் நிறத்தை அடித்திருக்கிறேன். நீங்கள் அடித்ததைவிட ஒன்றும் குறைவில்லை. இந்நேரம் காய்ந்திருக்கும். போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.

மறு பின்குறிப்பு: காயவில்லை.