ஐந்தாவது எலுமிச்சம்பழம்

"முன் சீட் எனக்கு வேணும்."

நான்கே சொற்கள். ஸ்ரீராம்புரத்தின் சந்து முனையில், காலை ஆறு மணிப் பனியைக் கிழித்துக்கொண்டு அவை புறப்பட்டபோது, பக்கத்து வீட்டுக் குக்கர் தன் மூன்றாம் விசிலைத் தொண்டையிலேயே விழுங்கிக்கொண்டது. குழாயடிக் குடம் நிரம்பி வழிந்தும் தூக்குவாரின்றி நின்றது. ஏனெனில் அவை சொல்லக்கூடாத சொற்கள். "வேற என்ன வேணா கேளு, அந்த சீட்டை மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாதடி" என்று சந்திரம்மாள் தன் மகளிடம் முந்தின நாளே மூன்று தடவை சத்தியம் வாங்கியிருந்தாள்.

வாழ்க ஷோபா! மாநகராட்சிக் குப்பை லாரி மேஸ்திரி கோவிந்தனின் குலக்கொடியே, அவ்வம்சத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவளே, வேதியியல் என்னும் பெருங்கடலை அரியர் என்னும் சுறாவின் பல் படாமல் நீந்திக் கரையேறியவளே, அமிலப்புட்டிகளின் நெடிக்கு இமையும் அசைக்காதவளே, காரின் பின்சீட்டில் நடுவே உட்கார்ந்தால் மட்டும் பத்தாம் நிமிடத்தில் வாந்தி எடுப்பவளே, வாழ்க, வாழ்க!

முன்கதை அறியாதார்க்குக் கூறுவோம். ஈராண்டுகளுக்கு முன், பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைக் காரில் ஏறி, அப்பாவின் மூட்டுவலி முழங்கால் ஒருபுறமும் அம்மாவின் டிபன் கூடை மறுபுறமும் நெருக்க, ஏசிக்காக நான்கு கண்ணாடிகளும் ஏற்றப்பட்ட அந்த நகரும் சிறையில் சென்ற நம் தலைவி, நாயண்டஹள்ளி மேம்பாலத்தின் உச்சியில், உண்ட இட்லியை எல்லாம் புதுச் சுடிதாரின் மேல் மாரியெனச் சொரிந்தாள். கழுவிய ஈரத் துப்பட்டாவோடு அவள் பட்டம் வாங்கிய போட்டோ இன்றும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் பட்டத்தைப் பார்ப்பதில்லை. "அது என்னம்மா கறை?" என்றுதான் கேட்கிறார்கள்.

இன்றோ மைசூர். மருந்துக் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூட வேலைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு நேர்காணல். அவளை அங்கே இறக்கிவிட்டு, மற்றவர்கள் சாமுண்டி மலைக்குப் போய்க் கும்பிட்டு வருவதாய் ஏற்பாடு. ஏழு மாதமாக அவள் எய்த விண்ணப்பக் கணைகளில் இலக்கில் தைத்தது இது ஒன்றே. இஸ்திரி போட்ட நல்ல சுடிதாரும் ஒன்றே. அதுவும் வெள்ளை.

அவளை எதிர்த்து நின்றவர் யாரெனின், சித்தப்பா ரவிக்குமார். மூன்று வாரங்களுக்கு முன் செகண்ட்ஹேண்டில் கார் வாங்கிய பெருந்தகை, கிளட்ச் எது பிரேக் எது என்று இன்றளவும் அறியாதவர், புதிதாய்ப் போட்ட சீட் கவரின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் புதுசு போய்விடும் என்று கழற்றாதவர், ஆயினும் டிரைவர் சேஷகிரிக்கு இடப்புறத்து அரியணையில் வீற்றிருந்து, ஒற்றை விரலால் திசைகளை ஆண்டு, "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி!" என்று ஆணையிடுவதில் மூவேந்தரையும் மிஞ்சியவர். அரியணையைக் கேட்டவளை நோக்கி அவர் முழங்கினார்:

"ஓனரு பின்னாடி உக்காந்தா பாக்கறவன் என்ன நினைப்பான்? வாடகைக் காருன்னு நினைப்பான்! ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா."

ஸ்வல்ப அட்ஜஸ்ட்! 'கொஞ்சம் விட்டுக்கொடு' என்னும் இந்தக் கன்னட அஸ்திரத்துக்கு இவ்வூரில் மாற்று அஸ்திரம் இதுவரை யாரும் கண்டதில்லை. எப்போதும் யார் அட்ஜஸ்ட் பண்ணுவது என்று கேட்டவரும் இல்லை. ஷோபா கேட்டாள். அதனால்தான் போர் மூண்டது.

ரயில்படைக்குத் தலைமை ஏற்று முதலில் களம் புகுந்தவர் கோவிந்தன். "ரயில்ல போலாம்ப்பா. எந்திரிச்சு நடக்கலாம், பாத்ரூம் இருக்குது, வாந்தி வந்தா யாரு கேக்கறது?" என்று அவர் இடியென உரைத்து, தம் கூற்றின் அழகில் தாமே மயங்கி, அதையே மேலும் இருமுறை உரைத்து முடித்த நேரத்தில், அந்த ரயில் அதன்பாட்டுக்குக் கிளம்பிக் கெங்கேரியைத் தாண்டியிருந்தது. தலைவர் வாட்சைப் பார்த்தார். படை கலைந்தது.

அடுத்து, மகளின் ஆதார் கார்டைக் கேடயமென உயர்த்திப் பஸ்படையோடு பாய்ந்தாள் சந்திரம்மாள். "கவர்ன்மென்ட் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கெடயாது. ஆதாரைக் காட்டினா ஜம்முனு உக்காந்து போலாம். ஜன்னலும் தொறக்கும்!" ஆகா, என்ன வியூகம்! காற்று வரும் ஜன்னல், கறைபடாத சுடிதார், நேரத்துக்கு ஒரு பஸ். வெற்றிமுரசு கொட்ட இன்னும் அரை விரற்கடைதான் பாக்கி. அப்போது ரவிக்குமாரின் கீழுதடு நடுங்கிற்று.

"அப்ப என் காரு எதுக்கு அண்ணி? தெருவெல்லாம் சொல்லிட்டேனே, எங்க அண்ணன் பொண்ணு நம்ம கார்லதான் இன்டர்வியூக்குப் போறான்னு."

ஆண்மகன் ஒருவனின் உதடு நடுங்கக் கண்ட சந்திரம்மாள் தன் படையைத் தானே கலைத்து, கேடயத்தை இடுப்பில் செருகி, மகளின் காதில் கிசுகிசுத்தாள்: "தம்பி மனசு நோகும்டி." ஷோபாவின் குடல் நோவது குறித்து ஆராய அவையில் ஒருவரும் முன்வரவில்லை. சேஷகிரி மட்டும் பணிவோடு, "சார், நீங்க பின்னாடி உக்காந்து லெஃப்ட்டுனு சொன்னாலும் எனக்குக் கேக்கும் சார்" என்றான். அவன்மேல் வீசப்பட்ட பார்வையில் ஒரு டயர் பஞ்சராகியிருக்க வேண்டும்.

முடிவில் உடன்படிக்கை ஒன்று எழுந்தது. முன்சீட் சித்தப்பாவுக்கு, பின் ஜன்னல்கள் அப்பாவின் முழங்காலுக்கும் அம்மாவின் கூடைக்கும், பின்சீட் நடு ஷோபாவுக்கு, ஈடாக, மைசூர் வரை மோந்துகொண்டே போக அவளுக்கு ஓர் எலுமிச்சம்பழம். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தலையசைத்தாள். பையில் பழங்கள் ஐந்து. நான்கு, நல்லபடி போய்வர நான்கு சக்கரங்களின் அடியில் வைக்க. ஐந்தாவது, பொன்னுருண்டை போன்றது, அவள் மூக்குக்கு உரியது.

கற்பூரம் எரிந்தது. சேஷகிரி வண்டியை ஒரு முழம் நகர்த்தினான். சதக், சதக், சதக், சதக் என்று நான்கு கனிகள் வீரமரணம் எய்தின. ஷோபா ஐந்தாவதற்குக் கை நீட்டினாள்.

அக்கணத்தில் ரவிக்குமாரின் நெற்றியில் ஞானம் உதித்தது.

"அய்யோ, ஸ்டெப்னியை மறந்துட்டோமே! அதுவும் சக்கரம்தானே? அதுக்கு மட்டும் வெக்காம போனா வழில அதுதான் படுத்தும். சேஷகிரி, டிக்கியத் தொற!"

தடுப்பாரில்லை. "ஆமாண்ணா, அதுவும் நியாயந்தான்" என்றார் கோவிந்தன், தம்பியை அண்ணா என்று அழைக்கும் அளவுக்கு உணர்ச்சிவசப்பட்டு. சந்திரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டிக்கியின் இருட்குகையில் மூன்று வாரமாய் உறங்கிக்கிடந்த ஐந்தாம் சக்கரம் இரு ஆண்களால் பல்லக்கெனத் தூக்கிவரப்பட்டு, தார்ச்சாலையில் உருட்டப்பட்டு, அந்தப் பொற்கனியின் மேல் ஏற்றப்பட்டு, அது அசையாததால் சித்தப்பாவே அதன்மேல் ஏறி நின்று ஒரு குதி குதிக்க, சாறு சீறிப் பாய்ந்து, வெள்ளைச் சுடிதாருக்கு நூலிழை தூரத்தில் வீழ்ந்தது. ஒரே ஒரு விதை மட்டும் பறந்துவந்து, அவளுடைய சர்டிபிகேட் ஃபைலின் மேல் ஒட்டிக்கொண்டது.

ஷோபா அந்த விதையைப் பார்த்தாள். சுவரில் தொங்கும் போட்டோவை நினைத்தாள். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

"சரி, ஏறும்மா, டைம் ஆகுது" என்றார் சித்தப்பா, அரியணையின் கதவைத் தமக்குத் தாமே திறந்தபடி.

"நீங்க சாமுண்டி மலைக்குப் போயிட்டு வாங்க. நான் மெட்ரோல பஸ் ஸ்டாண்டு போயி, பஸ்ல போறேன்."

"தனியாவா?" என்று நால்வரும் ஒரே குரலில் அலற, அவ்வலறலில் மின்கம்பிக் காகங்கள் திசைக்கொன்றாய்ச் சிதற, அம்மாவின் இடுப்பிலிருந்து தன் கேடயத்தை உருவி எடுத்து, விதையைச் சுண்டு விரலால் சுண்டி எறிந்து, நான்கு சக்கரமும் ஸ்டெப்னியுமாய் ஐந்து வெற்றிகள் பெற்றும் தோற்று நின்ற அந்த வெண்தேரின் முன்னால், சேனையின்றி, குடையின்றி, எலுமிச்சம்பழமும் இன்றி, தலை நிமிர்ந்து, வேங்கையெனத் திரும்பி,

ஷோபா மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தாள்.