ஆறு பாட்டில் வழவழப்பு

அன்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. உங்கள் அத்தை சுகம், உங்கள் மனைவி சுகம், நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. என் மகள் என்னோடு பேசி மூன்று நாளாகிறது. போனில் சொன்னால் அடுத்த அறையில் அவள் காதில் விழும் என்பதால் பேனாவை எடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு எனக்காக அவளிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

நடந்தது இதுதான். ஏரியிலிருந்து பன்னிரண்டு பாட்டில்களில் தண்ணீரும் நீர்ச்செடியும் கொண்டுவந்து, பின்னறை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு அம்மோனியா விட்டு, "அப்பா, இதுல கை வெக்காதீங்க, என் மூணு வருஷ ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் யார்? முப்பத்திரண்டு வருடம் நகரசபை சுகாதார ஆய்வாளர். தண்ணீர்த் தொட்டியில் விரலை விட்டு, வழவழப்பு தெரிந்தால் அன்றைக்கே பிளீச்சிங் பவுடரோடு இறங்கியவன். இலையெல்லாம் வழவழவென்று கிடந்தால் கை சும்மா இருக்குமா? பாவம், பிள்ளைக்கு நேரமில்லை, நாமாவது சுத்தமா வெச்சுக் கொடுப்போமேன்னு, பழைய பல் பிரஷை எடுத்து, குளோரின் வாசம் அடிக்கிற நல்ல குழாய்த் தண்ணீரில் இலை இலையாகத் தேய்த்து, பளபளவென்று பாட்டிலில் திரும்பப் போட்டேன். ஆறு முடிந்ததும் குழாயில் தண்ணீர் நின்றுபோச்சு. இல்லாவிட்டால் பன்னிரண்டும் போயிருக்கும்.

சாயங்காலம் வந்து பார்த்தவள் கத்தவில்லை மாப்பிள்ளை. கத்தியிருந்தால் தேவலை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என்னை விட்டுவிட்டு உங்கள் அத்தையிடம் பேசினாள்.

"அம்மா, அவர்கிட்ட சொல்லு. அது அழுக்கு இல்ல. இலை மேல கோடிக்கணக்குல பாக்டீரியா ஒட்டிக்கிட்டு இருக்கு. மீன் கழிவுல வர்ற அம்மோனியா சேர்ந்துபோனா மீனே செத்துரும். அது சேராம, கெடுதல் குறைஞ்ச வேற பொருளா மாத்துறதே இதுங்கதான்."

உங்கள் அத்தை என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா? துப்புரவு பண்றவங்களையே துடைச்சுப் போட்டுட்டீங்களாம். ரிட்டயர் ஆகியும் கை அரிப்பு போகலை" என்றாள்.

இன்று காலை அவள் பாட்டிலுக்குப் பாட்டில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஏதோ சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டாள். நான் கதவோரம் திருடன் மாதிரி நின்று பார்த்தேன். கழுவாத ஆறும் மஞ்சளாயிற்று, அம்மோனியா காலி. நான் கழுவிய ஆறும் கரும்பச்சை, போட்டது போட்டபடி இருக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஏரிக்குப் போனேன். ஓரத்தில் முழங்கால் ஆழம்தான். இறங்கி, குனிந்து, ஓர் இலையைத் தொட்டேன். அதே வழவழப்பு. அடேயப்பா! வெயிலில் செடி விடும் ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத கூட்டம், ஏரி முழுக்க, இலைக்கு இலை உட்கார்ந்து வேலை பார்க்கிறது. மேஸ்திரி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, லீவு இல்லை. ஒரு தொட்டியைக் கழுவ நான் நாலு ஆள், ஓர் ஏணி, மூன்று கையெழுத்து கேட்பேன். "என்ன ஜென்மங்கப்பா நீங்க!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஆறு பாட்டில் போனதால் அவளுக்கு இன்னொரு வருடம் வீணாகுமோ என்று பயப்படுகிறேன். அப்பா தெரியாமல் செய்தார், இப்போது தெரிந்துகொண்டார் என்று சொல்லுங்கள். ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிட்டால் போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் எடுத்த காரியமெல்லாம், நான் கை வைக்காமலே, நன்றாக நடக்கட்டும்.

தலைகுனிந்து,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். தூது வேண்டாம். "அம்மோனியாவைச் செடியே குடிச்சிருக்கலாமே, பாக்டீரியாதான்னு என்ன அத்தாட்சி?" என்று அவளுடைய பேராசிரியர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். செடி அப்படியே இருந்தும் அம்மோனியா குறையாத, நான் கழுவிய ஆறும்தான் அத்தாட்சியாம். ஒரு தடவை போதாது, முறையாக இன்னும் ஆறு கழுவிப் பார்க்கச் சொன்னாராம். சற்றுமுன் அவளே வந்து, "அப்பா, உங்களை விட்டா யாரு இவ்வளவு நல்லா தேய்ப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே ஆறு பாட்டில்களை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரமாக முதல் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கை வரமாட்டேன் என்கிறது மாப்பிள்ளை. அடுத்த வண்டிக்கே கிளம்பி வந்து நீங்கள் கழுவிக் கொடுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.